உதடு மரத்திருக்கிறது, வாய் கோணவில்லை

கேள்வி: எனக்கு வயது 34. பள்ளி ஆசிரியை. ஐந்து வாரங்களுக்கு முன் கீழ்த்தாடையில் இடது பக்கம் படுத்தவாக்கில் இருந்த ஞானப்பல்லை எடுத்தார்கள். ஊசியின் மரமரப்பு சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும் என்றார்கள். இன்றுவரை இடது பக்கக் கீழுதடும் முகவாயும் மரத்தே இருக்கின்றன. காபி குடித்தால் டம்ளரின் விளிம்பு பாதிதான் தெரிகிறது. வாயோரம் சோறு ஒட்டியிருந்தால் யாராவது சொன்னால்தான் உண்டு. ஒரு வாரமாக அந்த இடத்தில் எறும்பு ஊர்வது போலவும், நடுநடுவே சுரீரென்றும் இருக்கிறது. முகவாதம் வந்துவிட்டது என்று மாமியார் தினமும் உப்பு ஒத்தடம் கொடுக்கிறார். போன வாரம் அதில் கொப்புளமே வந்துவிட்டது, எனக்குச் சூடு தெரியவில்லை. பல் எடுத்த டாக்டர், "சரியாகிவிடும், சத்து மாத்திரை சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்கிறார். நரம்பை வெட்டிவிட்டார்களா? உணர்ச்சி திரும்புமா? மேல் பக்கமும் ஒரு ஞானப்பல் எடுக்க வேண்டுமாம். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்கிறார்களே, உண்மையா?
— திண்டுக்கல் மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பதில் கொஞ்சம் நீளமாக வரும். அதற்குமுன் ஒரு வேலை: அந்த உப்பு ஒத்தடத்தை இன்றோடு நிறுத்துங்கள். மாமியாரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சூடு தெரியாத தோலில் சூடு வைத்தால் எங்கே நிறுத்துவது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கொப்புளம் வந்ததே அதனால்தான். அதை உடைக்காமல் சுத்தமாக வைத்திருங்கள். சீழ் பிடித்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்து, கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். புருவத்தை உயர்த்துங்கள். நெற்றியில் இரண்டு பக்கமும் கோடு விழுகிறதா? கண்களை இறுக்கி மூடுங்கள். இரண்டும் முழுசாக மூடுகின்றனவா? கன்னத்தை ஊதிப் பிடியுங்கள், காற்று ஒரு பக்கமாகக் கசிகிறதா? கடைசியாக "ஈ" என்று கீழ்ப்பற்கள் தெரியும்படி காட்டுங்கள். இரண்டு பக்க உதடும் ஒரே அளவுக்குக் கீழே இறங்குகின்றனவா? உங்கள் கடிதத்தில் கண் மூடவில்லை என்றோ தண்ணீர் வாயோரம் ஒழுகுகிறது என்றோ ஒரு வரி இல்லை. அதனால் எல்லாமே சரியாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். வந்தால் உங்களுக்கு வந்திருப்பது முகவாதம் கிடையாது. மாமியாரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இதைச் செய்யுங்கள், அவருக்கும் நிம்மதி.

(மற்ற வாசகர்களுக்கு: திடீரென்று வாய் கோணி, கூடவே கை தளர்ந்து, பேச்சு குழறினால் கண்ணாடி எல்லாம் வேண்டாம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள். அது மூளை சம்பந்தப்பட்டது. இந்தக் கடிதத்தின் விஷயம் வேறு.)

முகத்துக்கு உணர்ச்சியும் அசைவும் ஒரே நரம்பு வழியாக வருவதாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. அதில் ஐந்தாவது, முகத்தின் உணர்ச்சியைப் பார்த்துக்கொள்கிறது. மூன்று பெரிய கிளைகளாகப் பிரிவதால் தமிழில் முப்பெருநரம்பு என்கிறோம், டாக்டர்கள் பேச்சில் ட்ரைஜெமினல். ஏழாவது, முகத்தின் அசைவைப் பார்த்துக்கொள்கிறது. காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியில் ஒரு சிறு துளை வழியாக வெளியே வந்து, காதோரம் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, விரித்த கைவிரல்கள் மாதிரி ஐந்து கிளைகளாக முகத்தில் பரவுகிறது. சிரிப்பது, முகம் சுளிப்பது, கண் சிமிட்டுவது எல்லாம் அதன் வேலை. முகவாதம் வந்தால் கெடுவது ஏழாவது. உங்களுக்கு அடிபட்டிருப்பது ஐந்தாவதின் ஒரு கிளை. அதனால்தான் உங்கள் உதடு அசைகிறது, ஆனால் அசைவது உங்களுக்குத் தெரியவில்லை.

இந்த வித்தியாசம் உங்கள் வீட்டாருக்குத் தெரியவில்லை என்று வருத்தப்படாதீர்கள். 200 வருடத்துக்கு முன்னால் டாக்டர்களுக்கே தெரியாது. முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற வலியோடு வந்தவர்களுக்கு, வலி நிற்கட்டும் என்று ஏழாவது நரம்பின் கிளையை வெட்டியிருக்கிறார்கள். வலி அப்படியே இருக்கும், வாய் மட்டும் கோணிக்கொள்ளும். 1821இல் சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த இரண்டு நரம்புகளும் வெவ்வேறு வேலை செய்கின்றன என்று எழுதினார். அவரும் பாதி தப்பாகத்தான் புரிந்துகொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஹெர்பர்ட் மேயோ என்பவர்தான் ஐந்தாவது உணர்ச்சிக்கு, ஏழாவது அசைவுக்கு என்று சரியாகப் பிரித்தார். ஆனாலும் முகவாதத்துக்கு 'பெல்ஸ் பால்சி' என்று பெல்லின் பெயரே நிலைத்துவிட்டது.

சரி, உங்கள் நரம்புக்கு வருவோம். முப்பெருநரம்பின் மூன்றாவது கிளை மண்டையோட்டின் அடியில் முட்டை வடிவத் துளை ஒன்றின் வழியாகக் கீழே இறங்குகிறது. ஐந்தாவது நரம்பில் அசைவுக்கான இழைகள் இருப்பது இந்தக் கிளையில் மட்டும்தான், அவை மெல்லும் தசைகளுக்குப் போகின்றன. கீழே இறங்கியதும் அது பலவாகப் பிரிகிறது. அதில் ஒன்றுதான் நம் கதாநாயகி: கீழ்ப்பல் நரம்பு. காது மடலுக்கு முன்னால் விரலை வைத்துத் தாடையின் பின்விளிம்போடு கீழே வாருங்கள். அந்த அகலமான எலும்புத் தகட்டின் உள்பக்கத்தில், நாக்குப் பக்கமாக, ஒரு துளை இருக்கிறது. நரம்பு அதற்குள் நுழைந்துவிடுகிறது. நுழைவதற்குச் சற்று முன்னால், வாயின் அடித்தளத் தசைக்குப் போக வேண்டிய சிறு கிளையைக் கழற்றி விட்டுவிடுகிறது. அசைவுக்கான கடைசிச் சரக்கும் அங்கே இறங்கிவிடுகிறது. எலும்புக்குள் போவது உணர்ச்சி மட்டுமே. ஆகவே எலும்புக்குள் இந்த நரம்புக்கு என்ன ஆனாலும் வாய் கோண வழியில்லை. மாமியாரிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பல் டாக்டர் உங்களுக்கு ஊசி போட்டது அந்தத் துளை வாசலில்தான். அங்கே மருந்தை விட்டால் அதற்கப்புறம் உள்ள பாதை முழுக்க மரத்துவிடும். 1884-85 வாக்கில் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் கொக்கேய்னை வைத்து இந்த வழியைக் கண்டுபிடித்தார். தன்மேலேயே சோதனை செய்து பார்த்து, பாவம், அந்த மருந்துக்கே அடிமையாகிப் போனார். இன்று நாங்கள் போடுவது பெரும்பாலும் லிக்னோகெய்ன். அதில் அடிமையாகும் பயம் இல்லை, சில மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

துளைக்குள் நுழைந்த நரம்பு தாடை எலும்புக்குள் ஒரு கால்வாயில் ஓடுகிறது. தமனியும் சிரையும் கூடவே ஓடுகின்றன. மேலே வரிசையாகப் பற்களின் வேர்கள். ஒவ்வொரு வேருக்கும் ஓர் இழையை அனுப்பிக்கொண்டே முன்னால் வருகிறது. முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எலும்புக்குள்ளேயே முன்பற்களுக்குப் போகிறது. மற்றது எலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு துளை வழியாக வெளியே எட்டிப் பார்த்து, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உதட்டின் உள்சவ்வுக்கும் முன்பக்க ஈறுக்கும் பரவுகிறது. அதுதான் முகவாய் நரம்பு. நீங்கள் இழந்திருப்பது இதன் செய்தியை. ஆனால் அறுபட்ட இடமோ நசுங்கிய இடமோ உதட்டில் இல்லை, பின்னால் ஞானப்பல் இருந்த குழிக்கு அடியில் இருக்கிறது. ஒத்தடமும் எண்ணெயும் உதட்டுக்குக் கொடுத்துப் பயனில்லாததற்கு இது இன்னொரு காரணம்.

படுத்தவாக்கில் இருக்கும் ஞானப்பல்லின் வேர் சிலருக்கு அந்தக் கால்வாயின் கூரையையே தொட்டுக்கொண்டிருக்கும். சிலருக்கு வேர் கால்வாயை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டிருக்கும். பல்லை நெம்பும்போது வேர் நரம்பை அழுத்தும். எலும்பைக் குடையும்போது சிராய்க்கலாம். எடுத்தபின் குழிக்குள் கட்டிய ரத்தமும் வீக்கமும்கூட அழுத்தலாம். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒரு சிலருக்கு இப்படிக் கொஞ்ச காலம் மரத்துப் போகும். நிரந்தரமாக நிற்பது நூறில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலும் யாருடைய அலட்சியமும் காரணமாக இருப்பதில்லை, நல்ல கையிலும் நடக்கும். என் கையிலும் நடந்திருக்கிறது.

இங்கே இரண்டு சின்னச் சோதனை. ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்துக் காதுக்குக் கீழே தாடை மடங்கும் மூலையில் தடவுங்கள். அங்கே தெரியும். அந்த மூலையின் தோலுக்கு ஐந்தாவது நரம்பு வருவதில்லை, கழுத்திலிருந்து மேலே ஏறும் வேறு நரம்பு வருகிறது. மரத்த இடம் உதட்டில் நடுக்கோட்டோடு நின்று, முகவாயைத் தாண்டாமல், தாடை மூலைக்குப் போகாமல் இருந்தால் அது உடற்கூறு நூலில் போட்ட படம் மாதிரி ஒரே நரம்பின் எல்லை. அடுத்தது நாக்கு. இடது பக்க நாக்கின் ஓரம் மரத்திருக்கிறதா, சுவை குறைந்திருக்கிறதா? ஞானப்பல்லின் உள்பக்கத்தை ஒட்டியே நாக்கு நரம்பு போகிறது. தொடு உணர்ச்சி அதனுடையது. சுவையைக் கொண்டுபோகும் இழைகள் ஏழாவது நரம்பைச் சேர்ந்தவை, ஆனாலும் அதன் முதுகில் ஏறித்தான் பயணம் செய்கின்றன. நீங்கள் நாக்கைப் பற்றி எழுதவில்லை. சந்தேகம் இருந்தால் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நாக்கு நரம்பு எலும்புக் கால்வாய்க்குள் பாதுகாப்பாக இல்லாததால் அதைப் பார்க்கும் கணக்கே வேறு.

நரம்பை வெட்டிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டுவது, வெட்டாமல் இருப்பது என்று இரண்டு நிலை மட்டும் இல்லை. வாழைத்தண்டை உடைத்துப் பாருங்கள். வெளியே உரி உரியாகப் பட்டை, உள்ளே நார் நாராக இழை. நரம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். உங்கள் நரம்பின் கனம் 2, 3 மில்லிமீட்டர்தான், ஆனால் உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள். 1943இல் ஹெர்பர்ட் செடன் என்ற அறுவை மருத்துவர் நரம்புக் காயத்தை மூன்று வகையாகப் பிரித்தார், இன்றும் அதைத்தான் வைத்துப் பேசுகிறோம். முதல் வகையில் இழை எதுவும் அறுவதில்லை, அழுத்தத்தில் செய்தி மட்டும் நின்றுபோகிறது. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப் போகுமே, அதன் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்களிலோ வாரங்களிலோ தெளியும். இரண்டாவதில் உள்ளே நார் அறுந்திருக்கும், பட்டை நிற்கும். அறுந்த இழை, நிற்கும் உறைக்குள்ளேயே வழி பிடித்து மறுபடி வளர்ந்து வரும். மூன்றாவதில் பட்டையோடு சேர்த்து அறுந்திருக்கும். வளரும் இழைக்கு வழி தெரியாது. தானாகச் சேருவது கஷ்டம்.

உங்களுடையது எந்த வகை? கடிதத்தை வைத்துக்கொண்டு முத்திரை குத்த முடியாது. ஆனால் உங்களைப் பயமுறுத்திய அந்த எறும்புதான் எனக்குத் தெம்பைத் தருகிறது.

சம்மணம் கலைந்து கால் நீட்டியதும் முதலில் என்ன வரும்? உணர்ச்சி நேரே வருவதில்லை. ஜிவ்வென்று எறும்பு ஊரும், அப்புறம்தான் கால் தன் கால் ஆகும். வளர்ந்து வரும் நரம்பு நுனி அப்படித்தான், சும்மா இருக்காது. தொட்டாலும் தட்டினாலும் பொய்ச் செய்தி அனுப்பும். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களின் நரம்புகளைத் தட்டித் தட்டிப் பார்த்த ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915இல் இதை எழுதினார். வலி வந்தால் நரம்பு எரிச்சலில் இருக்கிறது, எறும்பு ஊர்ந்தால் நரம்பு வளர்கிறது என்பது அவர் கணக்கு. அவர் அதற்கு வைத்த பெயரே பிரெஞ்சில் 'எறும்பு ஊரும் அடையாளம்' என்றுதான். நம் ஊர்ப் பாட்டிகளும் பாரிஸ் டாக்டரும் ஒரே சொல்லைப் பிடித்திருக்கிறார்கள்.

நான்கு வாரம் ஒன்றுமே இல்லாமல் ஐந்தாவது வாரம் எறும்பு ஊரத் தொடங்கியிருக்கிறது என்றால் ஏதோ இழைகள் செய்தி அனுப்ப ஆரம்பித்திருக்கின்றன. அறுந்த இழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். ஞானப்பல் குழியிலிருந்து உதடு வரை தோராயமாக 6, 7 சென்டிமீட்டர். ஆரம்பத்தில் நரம்பு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளச் சில நாட்கள் போகும், அதையும் சேர்த்தால் இரண்டரை மூன்று மாதம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. முழுசாகத் தெளிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். உங்களுடையது ஐந்தே வாரம்.

ஆனால் "சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியதில் எனக்கு உடன்பாடு இல்லை. சரியாகிறதா என்று யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளக்காமல் காத்திருந்தால் ஆறாவது மாதம்தான் தெரியும், சரியாகவில்லை என்று. அப்போது நல்ல நேரம் கடந்திருக்கும். அந்த அளவை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக வரும் ஜன்னலோரம் உட்காருங்கள். மாமியாரையே கூப்பிடுங்கள், ஒத்தடத்துக்குப் பதிலாக இந்த வேலையைக் கொடுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் ஒரு பஞ்சுத் திரியைக் காதுப் பக்கத்திலிருந்து முகவாயை நோக்கி, சரியாகத் தெரியும் இடத்திலிருந்து மரத்த இடத்துக்கு, மெல்ல நகர்த்தட்டும். "மாறுது" என்று நீங்கள் சொல்லும் இடத்தில் புருவப் பென்சிலால் ஒரு புள்ளி. கழுத்துப் பக்கமிருந்து, வலது உதட்டிலிருந்து, மேலுதட்டோரத்திலிருந்து என்று நாலா பக்கமும் இப்படியே. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். அதைப் போனில் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் செய்தால் மனசுதான் கெடும். எல்லை சுருங்குகிறதா, உள்ளே "ஒன்றுமே தெரியவில்லை" என்றிருந்தது "மந்தமாகத் தெரிகிறது" என்று மாறுகிறதா, பஞ்சு மேலிருந்து கீழே போகிறதா கீழிருந்து மேலே வருகிறதா என்று சொல்ல முடிகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். குண்டூசியால் குத்திப் பார்க்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இந்தப் படங்களோடு, பல் எடுப்பதற்கு முன் எடுத்த ஓபிஜி எக்ஸ்ரேயையும் (இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரிவது) வாங்கிக்கொண்டு, வாய்-முகத்தாடை அறுவை மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. அவசரமாக ஓட வேண்டாம், ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம், இந்த மாதத்துக்குள் போங்கள். குழிக்குள் வேர்த்துண்டோ எலும்புச் சில்லோ நரம்பின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லுவார். மூன்று மாதம் முடியும்போதும் அந்த இடத்தில் துளி உணர்ச்சிகூட இல்லையென்றால் நுண்ணறுவை பற்றிப் பேச வேண்டிய நேரம். நுண்ணோக்கி வைத்து நரம்பைத் திறந்து, அழுத்துவதை எடுத்து, அறுந்திருந்தால் தைக்கிறார்கள். அதைச் சீக்கிரம் செய்தால் பலன் அதிகம். ஆறு மாதத்துக்குள் முடிவெடுப்பது நல்லது என்பது பொதுவான கருத்து. எறும்பு ஊர ஆரம்பித்துவிட்ட உங்களுக்கு அந்தக் கட்டம் வராது என்றே எதிர்பார்க்கிறேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். எறும்பும் சுரீரும் போய், ஃபேன் காற்று பட்டாலே எரிகிறது, முந்தானை உரசினால் வலிக்கிறது என்று ஆனால் உடனே போங்கள். நரம்பு தப்பாக ஆறுகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அந்த வலிக்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது, நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு.

சத்து மாத்திரை? அநேகமாக பி12 வகை. கெடுதல் இல்லை. அதனால்தான் தெளிந்தது என்று சொல்லவும் ஆதாரம் போதாது. கொடுத்ததை முடியுங்கள், பை பையாக வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

வழக்குப் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இந்த மாதிரி கடிதங்களில் பத்துக்கு ஐந்து அதைத்தான் கேட்கும். என் பார்வையில் இப்படி ஒரு காயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: முன்னாலேயே சொன்னார்களா? எக்ஸ்ரேயில் வேர் கால்வாயைத் தாண்டும் இடத்தில் கறுத்துத் தெரிந்தாலோ, கால்வாயின் வெள்ளைக் கோடு அறுந்து தெரிந்தாலோ, கால்வாய் வளைந்து போயிருந்தாலோ அபாயம் அதிகம் என்று எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட பல்லில் மேல்பாதியை மட்டும் எடுத்துவிட்டு வேரை அப்படியே விடும் முறையும் இருக்கிறது. எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் பேச வேண்டிய விஷயம். பல வருடங்களுக்கு முன் நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் வந்தார். ஞானப்பல் வீக்கம், முகூர்த்த சீசன் தொடங்க ஒரு மாதம். படம் பார்த்தால் வேர் கால்வாயில் படுத்திருக்கிறது. "அண்ணே, நூறில் ஒரு சிலருக்குக் கீழுதடு கொஞ்ச நாள் மரத்துப் போகும்" என்றேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர், எனக்கு உதடுதான் சோறு" என்றார். வேரை விட்டுவிட்டு மேல்பாதியை மட்டும் எடுத்தோம். சீசனுக்கு வாசித்தார். ஓர் ஆசிரியைக்கும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மருத்துவமனையைச் சுட்டி இதைச் சொல்லவில்லை, எங்கள் தொழிலில் பல இடங்களில் இருக்கும் சோம்பல் இது.

இனி கண். மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும் என்ற பயம் நம் ஊரில் எத்தனை பேருக்குச் சொத்தைப் பல்லோடு வாழ்க்கையைத் தள்ள வைத்திருக்கிறது தெரியுமா? பார்வை நரம்பு மூளையின் இரண்டாவது நரம்பு. விழியின் பின்பக்கத்திலிருந்து நேரே உள்ளே போய்விடுகிறது, பல் பக்கமே வருவதில்லை. மேல் பற்களுக்கு வருவது ஐந்தாவது நரம்பின் இரண்டாவது கிளை. கண்ணில் தூசி விழுந்தால் உறுத்துமே, அந்த உறுத்தலைச் சொல்வது அதே ஐந்தாவதின் முதல் கிளை. இருவரும் அக்கா தங்கை. அதனால் மேல் பல் வலி கண்ணுக்குப் பக்கத்தில் தெறிப்பது போல இருக்கும். அந்தத் தெறிப்புதான் வதந்தியின் பிறப்பிடம் என்று நினைக்கிறேன். இன்னொரு நல்ல செய்தி, மேல் ஞானப்பல்லுக்குப் பக்கத்தில் கீழே இருப்பது போன்ற நரம்புக் கால்வாய் கிடையாது. அதை எடுத்து உதடு மரப்பது மிக அபூர்வம். வலி கொடுக்கவில்லை என்றால் இப்போதைக்கு அவசரமில்லை. இடது உதடு தெளியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பல் எடுக்காமல், அடிபடாமல், ஊசி போடாமல், ஒரு காரணமும் இல்லாமல் யாருக்காவது முகவாயில் ஒரு பக்கம் மட்டும் மரத்துப் போனால் அதைப் பல் டாக்டரிடமோ நரம்பு டாக்டரிடமோ உடனே காட்டுங்கள். சில சமயம் உடம்பில் வேறெங்கோ இருக்கும் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது வரும். மார்பகப் புற்றும் நிணநீர்ப் புற்றும் அதில் முக்கியமானவை. சகோதரி, இது உங்களுக்கில்லை. உங்களுக்குக் காரணம் தெளிவாக இருக்கிறது, தேதியோடு இருக்கிறது.

அன்றாடத்துக்குச் சில விஷயம். காபியை வலது பக்கமாகக் குடியுங்கள், முதல் வாய்க்கு முன் வலது உதட்டால் சூடு பாருங்கள். சாப்பிடும்போது பேசாதீர்கள் என்று ஆசிரியையிடம் சொல்வது கொடுமைதான், ஆனால் மரத்த உதட்டைக் கடித்துக்கொண்டால் ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைக்கண்ணாடி ஒருமுறை. உதடு வீங்கிப் பெரிதாகத் தொங்குவது போலத் தோன்றும், கண்ணாடியில் பார்த்தால் அப்படி இருக்காது. நம் மூளையில் உடம்பின் தோலுக்கு ஒதுக்கிய இடத்தில் முதுகு முழுவதுக்கும் கிடைத்ததைவிட உதட்டுக்குக் கிடைத்தது அதிகம். அத்தனை பெரிய இடத்துக்குச் செய்தி வராவிட்டால் மூளை குழம்பத்தான் செய்யும். வகுப்பில் 'ப', 'ம' வரும்போது உச்சரிப்பு பிசகுகிறதோ என்று உங்களுக்குத் தோன்றலாம். பாடம் நடத்துவதைப் போனில் பதிவு செய்து கேளுங்கள், உங்களுக்குத் தோன்றும் அளவுக்கு இருக்காது.

உணர்ச்சி திரும்பும்போது ஒரே நாளில் வராது. பெரும்பாலும் வலியும் சூடும் முன்னால் வரும், லேசான தொடுதல் பின்னால். வந்தபின்னும் சில மாதம் முகவாயில் தொட்டால் உதட்டில் தொட்டது போல இருக்கலாம், புது இழைகள் பழைய வீடு மாறிக் குடியேறியிருக்கும். அதுவும் பழகிவிடும்.

முதல் வரைபடத்தை இந்த ஞாயிறே போடுங்கள். பல் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் எந்தத் தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அந்தத் தேதிக்கு நான்கைந்து படங்கள் சேர்ந்திருக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அவற்றை மேசையில் வையுங்கள்.